கண்காணிப் பதவியும் தொழிலக மகளிரும்

சென்னை மாநகரின் மேற்கே, ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையத்தால் பலரும் அறியும் ஊர் முத்தாபுதுப்பேட்டை. அங்கிருந்து ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், பாடி எனக் கிழக்கு நோக்கி வருவார்க்கு இருவகைக் காட்சிகள் எதிர்ப்படும். சுந்தரர் பாடிய வட திருமுல்லைவாயிலும், சம்பந்தர் பாடிய திருவலிதாயமாகிய பாடியும் ஒருபுறம்; இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பெருந்தொழிற்சாலைகளின் மதில்களும் புகைபோக்கிகளும் மற்றொருபுறம். பின்னதைப் பற்றித் தமிழ்த்துறையார் எழுதியன மிகச் சில. விடியுமுன் இவ்வட்டாரத்துச் சாலையோரங்களில் தொழிற்சாலை வண்டிகளுக்காக உணவுப் பையோடு நிற்கும் இளம்பெண்களை இக்கட்டுரையாளன் பன்முறை கண்டதுண்டு. இவர்கள் எவ்வாறு இங்கு வந்தனர், வந்தபின் எந்நிலையில் வைக்கப்பட்டனர், இவர்தம் நிலை ஆடவர் நிலையோடு ஒப்பாதற்குத் தொழில் நடத்துவோர் செய்ததும் செய்யாது விட்டதும் யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு பெரும்பாலும் ஆடவர் வரலாறாகவே தொடங்கிற்று. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்யத் தொடங்கியது. 1955 சனவரியில் ஆவடியில் சத்தியமூர்த்தி நகர் எனப் பெயரிடப்பட்ட திடலில் காங்கிரசுப் பேரவை கூடிச் சமதருமப் பாங்கான சமுதாயம் அமைத்தலே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. அவ்வாண்டிலேயே பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960களில் பாடியில் மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகளும், அம்பத்தூரில் அரசின் தொழிற்பேட்டையும், ஆவடியில் படைத்துறைக்குரிய ஆடைத் தொழிற்சாலையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அமைந்தன. விசயந்தா என்னும் போர் ஊர்தி ஆவடியிலிருந்து வெளிவந்தது 1965ஆம் ஆண்டின் இறுதியில். கடைசல், வார்ப்பு, பற்றவைப்பு ஆகிய தொழில்களுக்கு ஆட்கள் தொழிற்பயிற்சி நிலையங்களின் வழி வந்தனர்; அந்நிலையங்களில் பயின்றோர் பெரும்பாலும் ஆண்மக்களே. ஆவடித் தீர்மானம் செல்வர்க்கும் வறியர்க்கும் இடையேயான ஏற்றத்தாழ்வை எண்ணிற்று. ஆலைக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயிருந்த ஏற்றத்தாழ்வு அன்று ஒரு பொருளாகவே எண்ணப்படவில்லை.

இதனைக் கொண்டு, கூலிக்கு உழைத்தல் தமிழ் மகளிர்க்குப் புதியது என முடிவு கட்டுதல் பொருந்தாது. புறநானூற்றில் தங்கால் பொற்கொல்லனார் பாட்டொன்று, இரவில் பஞ்சின் கோதினைப் புடைத்து நீக்க எழுந்த பருத்திப் பெண்டினையும் அவள் ஏற்றிய சிறு விளக்கினையும் நமக்குக் காட்டுகின்றது. காட்டுப் பூனைக்கு அஞ்சிய கோழிப்பேடை அவ்வொளியில் அச்சம் தணிகின்றது. உரைகாரர்கள் பேடையின்மேற் செலுத்திய கருத்தை அவ்விளக்கின்மேல் அத்துணைச் செலுத்தவில்லை. இரவில் விளக்கொளியில் உழைத்த பெண்ணொருத்தி புலவர்க்கு வியப்புக்குரியளாகத் தோன்றவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பெண் இரவில் உழைத்தல் தகாது என்னும் கருத்து, சட்ட வடிவில், பிற்காலத்தில் வேறிடத்திலிருந்து வந்ததாகும்.

அது வந்த வழி தெளிவானது. இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலை முதலாளிகள், பம்பாய் ஆலைகளின் மலிவான உழைப்பைக் கண்டு மனம் பொறாராய், இந்தியாவிலும் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என வற்புறுத்தினர். தொழிலாளர்மாட்டு உண்மையான பரிவு கொண்டாரும் அதனையே வேண்டினர். இவ்விருவகை நோக்கமும் ஒன்றோடொன்று கலந்து பிறந்தவை 1881, 1891ஆம் ஆண்டுகளின் சட்டங்கள். பின்னது பெண்களின் வேலையை நாளொன்றுக்குப் பதினொரு மணி என வரையறுத்தது. 1919இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழில் மாநாடு பெண்களின் இரவு வேலையைத் தடை செய்யும் உடன்படிக்கையை வகுக்க, இந்தியா 1921இல் அதனை ஏற்றது. விடுதலைக்குப்பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரையன்றிப் பிற வேளைகளில் பெண்களைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்றது. மாநில அரசு இவ்வெல்லையைச் சற்று நெகிழ்த்தலாம். ஆயினும் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் எவ்வகை நெகிழ்ச்சியும் கூடாது.

பரிவிற் பிறந்த தடையாயினும் அதன் பயன் இருவகையாயிற்று. ஆலைகள் மூன்று முறை ஓடத் தொடங்கியபோது, மூன்று முறையிலும் சுழற்றத்தக்க தொழிலாளியையே முதலாளி விரும்பினார். பெண்ணை ஒரு முறைக்கன்றி அமர்த்தவியலாமையின், அவளை அமர்த்தாமையே எளிதாயிற்று. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினராயிருந்த பெண்கள் பின்வந்த பத்தாண்டுகளில் பெரிதும் குறைந்தனர். இக்குறைவிற்குக் காப்புச் சட்டங்களே காரணம் என்பார் ஒருசாரார். பொறிகளைப் பெருக்கி ஆட்களைக் குறைத்த ஆலைச் சீரமைப்பே காரணம் என்பார் மற்றொருசாரார். இரண்டும் உடனிகழ்ந்தன என்று கொள்வதே பொருத்தமுடையது. ஆட்குறைப்பு வந்தவிடத்து முதலில் யாரைக் குறைப்பது என்னும் வினாவிற்குச் சட்டம் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருந்தது.

இனி, செலவுக் கணக்கைப் பார்ப்போம். பெண் தொழிலாளரின் வரலாற்றில் உணர்ச்சியுரைகளைவிட இக்கணக்கேடு பெரிதும் உண்மை பேசுவது என்பது இக்கட்டுரையாளன் கருத்து. சென்னை மாகாணம் 1934இல் பேறுகால நலச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் வந்தது. 12 வாரமாயிருந்த விடுப்பு 2017இல் 26 வாரமாயிற்று. இவற்றின்படி விடுப்புக் காலத்து ஊதியத்தை அப்பெண்ணை வேலைக்கு அமர்த்திய முதலாளியே தர வேண்டும். ஆகவே அவர்தம் ஏட்டில் ஒவ்வொரு பெண்ணும் வரக்கூடியதொரு செலவாக எழுதப்பட்டாள். குழந்தைக் காப்பகம் பற்றிய விதியும் இத்தகையதே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பதின் மிக்க பெண்கள் உள்ள தொழிற்சாலை காப்பகம் வைக்க வேண்டும் என்றது; 1976இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த திருத்தமே. ஆயினும் முப்பத்தொன்றாம் பெண்ணை அமர்த்துங்கால் ஓர் அறையும் தொட்டிலும் ஆயாவும் உடன் வரும் என்றால், முப்பதோடு நிற்க விரும்பும் முதலாளியைச் சட்டமே உண்டாக்கிற்று எனல் மிகையாகாது.

இதற்கு மாற்றும் நம்மிடையே முன்னரே இருந்தது. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் வேறொரு வழியைக் கண்டது. ஆணாயினும் பெண்ணாயினும் தொழிலாளர் அனைவருடைய ஊதியத்தின்மேலும் ஒரு பங்கு தண்டப்பட்டுப் பொதுநிதியிற் சேர்கின்றது. 2019 சூலை முதல் அப்பங்கு முதலாளிக்கு 3.25 விழுக்காடு, தொழிலாளிக்கு 0.75 விழுக்காடு என வகுக்கப்பட்டது. பேறுகால ஊதியம் அப்பொதுநிதியிலிருந்து வருகின்றது. நூறு ஆண்களை வைத்திருப்பாரும், அதே ஊதியத்தில் நூறு பெண்களை வைத்திருப்பாரும் ஒரே தொகையே செலுத்துவர். எனவே மகப்பேற்றினைக் காட்டிப் பெண்ணை விலக்குதற்குக் கணக்கு வழியில் காரணமில்லை. காப்பக விதியிலும் இம்மாற்றம் நெடுநாள் கழித்து வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், பெண்களை எண்ணாது, ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனம் எதுவும் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. எண்ணும் முறை ஒன்றை மாற்றியதே இத்திருத்தம் செய்தது. ஆயினும் பெண்ணைச் செலவாகக் காட்டிய வரி ஏட்டினின்றும் நீங்கிற்று. தொழில் நடத்துவார் இதனைச் சட்டம் வருமுன்னரே தம் விருப்பாற் செய்திருக்கலாம், செய்தவர் சிலரே.

செலவிற்கு அஞ்சியோர் மேற்கொண்ட மற்றொரு வழி மணமான பெண்ணை விலக்குதல். பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்றில், மருந்துகளைப் பொதியிடும் பெண்கள் மணம் செய்துகொண்டால் வேலை இழப்பர் என்னும் விதி இருந்தது. மணமான பெண் அடிக்கடி வேலைக்கு வாராதொழிவாள் என்பது நிறுவனம் சொன்ன காரணம். உச்சநீதிமன்றம் 1965இல் அவ்விதியை நீக்கியது. மணமானவள், கணவனை இழந்தவள் என்னும் வேறுபாடின்றிப் பெண் எவளும் வாராதொழிதல் கூடும். விடுப்பு விதிகளே அதற்குப் போதும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1979இல் அயல்நாட்டுப் பணி அலுவலர் முத்தம்மா வழக்கிலும், 1981இல் விமானப் பணிப்பெண்கள் வழக்கிலும் இவ்வினாவே வேறு வேறு வடிவில் எழுந்தது. அது முடிந்துபோன வினாவன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரவு வேலைத் தடைக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தில் முடிவு வந்தது 2000 டிசம்பர் 8ஆம் நாள். வசந்தா வழக்கு என வழங்கும் அதில், 66ஆம் பிரிவின் தடை அரசமைப்பிற்கு முரணானது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடையை நீக்கியதோடு அமையாமல், பெண்களை இரவில் அமர்த்த விரும்பும் முதலாளி மேற்கொள்ள வேண்டியவற்றையும் அது வரையறுத்தது. தனித்து ஒருத்தியை அமர்த்தாது குழுவாக அமர்த்துதல், வீட்டிற்கும் ஆலைக்கும் ஊர்தி, பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறுங்கால் தொடர்ந்து 12 மணி ஓய்வு, மருத்துவ வசதி, இரவு முறையில் சுற்றிவந்து நலம் நோக்கும் பெண் காப்பாளர், தங்குமிடம் தருவதாயின் அது பெண் காப்பாளரின் பொறுப்பில் மட்டுமே இருத்தல் முதலியன அவை. இவற்றினிடையே ஒரு நிபந்தனை பலராலும் கூர்ந்து நோக்கப்படவில்லை. இரவு முறையின் மேற்பார்வையாளர், போர்மன் முதலிய பொறுப்பாளருள் மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குறையாமல் பெண்களாயிருத்தல் வேண்டும் என்பது அது.

ஏனைய நிபந்தனைகள் எல்லாம் பெண்ணைக் காக்கப்படுவோளாக நோக்கின. இஃதொன்றே அவளை அதிகாரம் உடையவளாக நோக்கிற்று. ஊர்தியையும் உணவுச்சாலையையும் ஒரு திங்களில் அமைத்துவிடலாம். மேற்பார்வையாளருள் மூன்றிலொருவர் பெண்ணாதற்கோ, பல்லாண்டுகட்கு முன்னரே பெண்களைப் பயிற்சிக்கு எடுத்திருத்தல் வேண்டும். அவர்களை மணத்தோடும் மகப்பேற்றோடும் வேலையில் நிலைக்க விட்டிருத்தல் வேண்டும். முறைப்படி உயர்த்தியிருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் முந்தைய பத்தாண்டு நடத்தை முழுமையையும் இவ்வொரு நிபந்தனை அளந்துவிடுகின்றது. பணியிடச் சமநிலையின் உண்மை அளவு வாயிலில் நுழைவோர் தொகையில் இல்லை, கண்காணிப்போர் தொகையில் உள்ளது என்னும் நம் கருத்திற்கு இத்தீர்ப்பே தலைசிறந்த சான்று.

கண்காணி என்னும் சொல்லை ஈண்டுச் சற்று ஆராய்தல் பொருத்தமாகும். கண் கொண்டு காண்பது அதன் அடிப்பொருள்; ஈற்று இகரம் வினைமுதலை உணர்த்துவது. தோழன், தோழி என்றவிடத்துப் பெண்பால் காட்டும் இகரம் வேறு, இது வேறு. எனவே கண்காணி இருபாற்கும் பொதுவாய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் கணக்கையும் செயலையும் மேற்பார்ப்போர் கண்காணி செய்வார் எனப்படுகின்றனர். மாகேசுவரக் கண்காணி என்னும் தொடரைக் கல்வெட்டுப் பயின்றோர் பலகாலும் கண்டிருப்பர். அதிகாரி என்பதற்குப் பெண்பாலாக அதிகாரிச்சி என்னும் சொல்லும் அக்காலத்தில் வழங்கிற்று. அரசியாரைச் சார்ந்த பணிகளில் அதிகாரம் உடைய பெண்டிர் இருந்தமை அதனாற் போதரும். மொழி இடமளித்தவிடத்தும் வழக்கு இடமளிக்கவில்லை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டங்கள் காட்டுகின்றன. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்கட்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்த்து அழைத்துச் சென்றவன் கங்காணி. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி எனப் படிநிலை அமைந்தது. முன்பணக் கடன் துண்டு என்னும் சீட்டால் தொழிலாளி கங்காணியோடு பிணிக்கப்பட்டான். கொழுந்து பறித்தோருள் பெண்களே மிகுதி. அவர்களைக் கண்காணித்தோர் ஆண்கள். பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே நெடுங்காலம் இருந்தது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை ஒட்டியே இலங்கைத் தோட்டங்களில் இருவர்க்கும் ஒரே நாட்கூலி வந்தது. கூலி ஒத்தபின்னும் கங்காணிப் பதவி ஆடவரிடமே பெரிதும் தங்கிற்று. கூலிச் சமநிலையும் அதிகாரச் சமநிலையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மீண்டும் நம் வட்டாரத்திற்கு வருவோம். இரவுத் தடை நீங்கிய சில ஆண்டுகளில் பெண்களைப் பெருந்தொகையாக அமர்த்தும் தொழிற்சாலைகள் பூந்தமல்லிக்கு அப்பால் எழுந்தன. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் திறக்கப்பட்டது. அதன் தொழிலாளருள் பெண்களே மிக்கிருந்தனர். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பின்னர் ஃபாக்ஸ்கான் நிறுவனம் அங்கு ஐபோன் இணைப்பு வேலையைப் பெருக்கியது. தொழிற்சாலை திருப்பெரும்புதூரில் என்றாலும், பெண்கள் தங்கிய விடுதிகள் பல பூந்தமல்லியைச் சூழ்ந்த ஊர்களில் இருந்தன. 2021 டிசம்பரில் அத்தகைய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். நோயுற்றோர் நிலை பற்றித் தெளிவான செய்தி கிடையாமையால் அச்சம் பெருகிற்று. டிசம்பர் 18ஆம் நாள் அவர்கள்தம் தோழியர் சென்னை, பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரவை நிறுத்தினர். ஏறத்தாழ 17,000 பேர் பணிபுரிந்த தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவறைகளும் தகுதியற்றன எனக் கண்ட ஆப்பிள் நிறுவனம் அதனைத் தன் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. 2022 சனவரி 12ஆம் நாள் மீண்டும் திறந்தனர்.

பெண்களைப் பெருந்தொகையாக வேலைக்கு எடுத்தலையே சமநிலை எனக் கருதுவார்க்கு இந்நிகழ்ச்சி ஓர் இடறு கல்லாகும். தங்குமிடம் பெண் காப்பாளரின் முழுப்பொறுப்பில் இருத்தல் வேண்டும் என நீதிமன்றம் மொழிந்து அப்போது இருபத்தோராண்டு ஆகியிருந்தது. விடுதி ஒருவர்க்கு, உணவு மற்றொருவர்க்கு, ஆள் சேர்த்தல் வேறொருவர்க்கு என ஒப்பந்தங்கள் பிரிக்கப்பட்டிருந்தமையின், குறையைச் சொல்லுதற்கு உரிய காது எதுவெனப் பெண்கள் அறியாராயினர். நெடுஞ்சாலையே அவர்க்குக் குறைகேட்கும் மன்றமாயிற்று. இதன்பின் செய்யப்பட்டதையும் மறைத்தல் கூடாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் ரூ. 706.50 கோடி செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை அமைத்துத் திறந்தது. தங்குமிடத்தைத் தொழிலின் ஓர் உறுப்பாகவே கருதும் போக்கு இங்குத் தொடங்கிற்று எனலாம்.

ஆயினும் அதே ஆண்டு சூன் திங்களில், இத்தொழிற்சாலையில் இணைப்பு வேலைக்கு மணமான பெண்கள் விலக்கப்படுகின்றனர் என ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக வெளியிட்டது. நடுவண் அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் இதனை மறுத்து, அண்மையில் எடுக்கப்பட்ட பெண்களுள் 25 விழுக்காட்டினர் மணமானவர் என்றது. ஆள் சேர்க்கும் முகவர்தம் விளம்பரங்களிலிருந்து வயது, பால், மணநிலை பற்றிய சொற்களை நீக்குமாறு பின்னர் அறிவுறுத்தியதாகவும் செய்தி வந்தது. 1965இல் மருந்துப் பொதியிடும் பெண்களுக்காக விடையிறுக்கப்பட்ட வினா, ஐம்பத்தொன்பது ஆண்டு கழித்து வேறொரு பொருளைப் பொதியிடுமிடத்தில் மீண்டும் எழுந்தமை காண்க.

மணமாகாத இளம்பெண்ணையே நாடும் இப்போக்கிற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. கொங்குநாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் வழங்கிய சுமங்கலித் திட்டத்தின்படி, சிற்றூர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுமியரும் இளம்பெண்களும் மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி உழைப்பர். அவர்தம் கூலியில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டு, இறுதியில் திருமணச் செலவிற்கென ஒருசேரத் தரப்படும். இடையில் நின்றவர் அதனை இழப்பதும் உண்டு. சுமங்கலி என்னும் மங்கலச் சொல் இங்கு ஒரு கடனைக் குறிக்க வந்தது. உழைப்பவளைத் தொழிலாளியாக நோக்காது, வருங்கால மணப்பெண்ணாக நோக்கிய பெயர் அது. நல்வாய்ப்பாக, அண்மையில் தமிழக அரசு பணிபுரியும் மகளிர்க்கு அமைத்த விடுதிகட்குத் தோழி எனப் பெயரிட்டுள்ளது. அகத்திணையில் தோழி தலைவிக்காகப் பேசுபவள், அறத்தொடு நிற்பவள், தலைவனை வரைவு கடாவுபவள். பெயரிட்டார் இத்துணையும் எண்ணினரோ இல்லையோ, பெயர் பொருந்தியுள்ளது.

பேசுதற்கு ஒருத்தி வேண்டும் என்பதே திண்டுக்கல்லில் நிகழ்ந்ததன் சாரம். 2021 சனவரியில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளரே அக்கொலைக்குக் குற்றஞ்சாட்டப்பட்டார். கண்காணியிடம் அளவிறந்த அதிகாரமும், கண்காணிக்கப்படுவாரிடம் முறையிடும் வழியின்மையும் சேர்ந்தவிடத்து என்ன நேரும் என்பதை அக்கொடுமை நாடறியச் செய்தது. பணியிடத்துப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொழுது நடைமுறையில் இருந்ததே. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பதும் அதன் விதியே. குழு இருந்தும் குறை சொல்லின் வேலை போகும் என்னும் அச்சம் இருந்தால் பயன் யாது?

2022 ஏப்பிரலில் அந்நிறுவனமும், டி.டி.சி.யூ. எனப்படும், பெண்களின் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கமும், ஆசியத் தொழிலாளர் அமைப்புகளும், ஆடைகளை வாங்கும் எச் அண்டு எம் நிறுவனமும் திண்டுக்கல் உடன்படிக்கை என வழங்கும் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அதன்கீழ் வந்தனர். பெண் தொழிலாளருள்ளிருந்தே சிலரைத் தெரிந்து, பயிற்சி தந்து, தையல் வரிசைகளில் கண்காணிப்பாளராக நிறுத்துவது அதன் உயிர்நாடி. வசைச்சொல், தீண்டல், பழிவாங்கல் ஆகியவற்றை அவர்கள் கண்டு எடுத்துரைப்பர்; எடுத்துரைத்தாரைத் தண்டித்தல் கூடாது; நிறுவனம் தவறின் வாங்குவோர் வணிகத்தைக் குறைப்பர். இதிற் பிறர் காணாத ஒரு நுட்பம் உண்டு. ஆலையில் அதுவரை மேலிருந்து கீழ்நோக்கிய கண், இங்குக் கீழிருந்து மேல்நோக்கிற்று. உழைப்பவளே கண்காணியானாள். தொழிலதிபர் ஒருவர் தம் அதிகாரத்தில் ஒரு கூற்றைத் தாமே கையெழுத்திட்டுக் கொடுத்த நிகழ்ச்சியாக இதனைக் கொள்ள வேண்டும். உயிரிழப்பின் பின்னும், வாங்குவோரின் நெருக்கத்தாலும் அது நிகழ்ந்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

அதிகாரத்தின் உச்சியில் நிலை யாது? 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் பிற பெரிய பொது நிறுவனங்களும் இயக்குநர் அவையில் ஒரு பெண்ணையேனும் கொள்ள வேண்டும் என விதித்தது. டிராக்டர் செய்யும் டாஃபே நிறுவனத்தை மல்லிகா சீனிவாசன் நெடுங்காலமாக நடத்தி வருதல் யாவரும் அறிந்தது. எனினும் குடும்பத் தொழில்களில் உரிமை பெரிதும் ஆண்வழிச் சென்றது. அம்பத்தூரின் மிதிவண்டித் தொழிற்சாலைக்கு உரிய முருகப்பா குழுமத்தில், மறைந்த எம். வி. முருகப்பனின் மகளார் வள்ளி அருணாசலம், அணுப்பொறியியல் கற்றவர், குழுமத்தின் முதலீட்டு நிறுவனமாகிய அம்பாடியின் இயக்குநர் அவையில் இடம் வேண்டினார். 2020 செப்டம்பர்ப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரருள் 91 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. பெண்ணாயிருத்தலே தடை என அவர் வெளிப்படையாகக் கூறினார். 2023 ஆகஸ்டில் இருதிறத்தாரும் உடன்பாடு கண்டனர். கூடத்தில் கண்காணியாதற்கு உழைக்கும் பெண்ணுக்கும், அவையில் அமர வேண்டிய பெண்ணுக்கும் செல்வநிலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. இருவரும் கேட்டது ஒன்றே.

2025 நவம்பர் 21ஆம் நாள் நான்கு தொழிற் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இக்கட்டுரையில் எடுத்துரைத்த 1948, 1961, 1976ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவற்றுள் அடங்கின. எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலையிலும் பெண்களை அமர்த்தலாம். மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் அவர்தம் இசைவு பெற்று, பாதுகாப்புடன் அமர்த்தலாம் என்பது இன்றைய விதி. இசைவு என்னும் சொல் அழகியது. ஆயின், வேலையை இழந்தால் விடுதியையும் இழக்கும் பெண் தரும் இசைவு எத்தகையது என்பதைத் தீர்மானிப்பவர் அவ்விரவில் அக்கூடத்தில் பொறுப்பாயிருக்கும் மேற்பார்வையாளரே.

இத்துறையில் தமிழ் முதுகலை மாணவர்க்குச் செய்தற்குரிய பணி மிகுதி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பழைய தொழிற்கூடங்களில் நிலையாணைகளும், தமிழ் அறிவிப்புப் பலகைகளும், வருகைப் பதிவேடுகளும் குப்பைக்குச் செல்லுமுன் தொகுக்கப்படல் வேண்டும். ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் மூத்த தொழிலாளரிடம் அவர்கள் வழங்கிய பதவிப் பெயர்களைக் கேட்டுப் பதிதலும் வேண்டும். ஏடு கிடைப்பின் முதலில் நோக்க வேண்டியது பெயர் நிரலையன்று, அதனை அடுத்துள்ள பதவி நிரலை: உதவியாள் என்று எழுதப்பட்ட பெண்ணின் பெயர்க்கு நேரே, பத்தாண்டு கழித்த ஏட்டில் எச்சொல் எழுதப்பட்டுள்ளது என்பதை.